வரப்பு போன இடத்தில் விரல் மாறியது: குரோமோசோம் 2-இல் ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று விதமான கைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கையில் விரல்கள் குட்டை. கட்டைவிரல் பக்கம்தான் அது அதிகம் தெரிகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது கையில் அந்த இரண்டு விரல்களும் நன்றாகவே சேர்ந்து போயிருக்கின்றன. அதே ஆளின் பாதத்தில் கூடுதல் விரல்கள். மூன்றாவது கையில் விரல்கள் ஐந்தோடு நிற்கவில்லை.

மருத்துவத்தில் இவை வெவ்வேறு பெயருள்ள நிலைகள். முதலாவது பிராக்கிடாக்டிலி, அதாவது குட்டை விரல். இரண்டாவது எஃப் சிண்ட்ரோம்; அதில் மார்பெலும்பும் முதுகெலும்பும்கூட பாதிக்கப்படலாம். மூன்றாவது பாலிடாக்டிலி, கூடுதல் விரல். இந்த மூன்றில் ஏதாவது ஒரு நிலை உள்ள சில குடும்பங்களின் டி.என்.ஏ.வைப் பார்த்தபோது எல்லா அம்புக்குறிகளும் ஒரே இடத்தைக் காட்டின. குரோமோசோம் 2-இன் நீண்ட கையில் 2கியூ35, 2கியூ36 என்று குறிக்கப்படும் பகுதி அது.

பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் மூலக்கூறு மரபியல் நிறுவனத்திலும் ஷாரிட்டே மருத்துவமனையிலும் ஸ்டெஃபான் முண்ட்லோஸின் குழு இந்தப் புதிரை எடுத்துக்கொண்டது. டாரியோ லூப்பியானியெஸ் முதல் ஆசிரியராக இருந்த அந்த ஆய்வு 2015-இல் ‘செல்’ இதழில் வந்தது. மரபணுவில் எழுத்துப் பிழையே இல்லாமல் ஒரு நோய் எப்படி வரும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு ஆய்வை நான் படித்ததில்லை. அதனால்தான் இதை முழுவதுமாக எடுத்து எழுதுகிறேன்.

சந்தேகம் விழுந்த மரபணு

குட்டை விரல் இருந்த மூன்று குடும்பங்களிலும் குரோமோசோம் 2-இன் ஒரு பிரதியில் பெரிய துண்டு ஒன்று காணாமல் போயிருந்தது. 17.5 லட்சம் முதல் 19 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் வரை. காணாமல் போன துண்டுக்குள் எஃபா4 என்ற மரபணு இருந்தது.

இப்படி ஒரு அறிக்கை கையில் வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: எஃபா4 போய்விட்டது, அதனால் விரல் குட்டையாகிவிட்டது. பல பத்தாண்டுகளாக மரபியல் இப்படித்தான் யோசித்தது. அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

இங்கே அது பொருந்தவில்லை. எஃபா4 மரபணுவை நீக்கிய எலிகள் ஏற்கெனவே இருந்தன. அவை முயல்போலத் தாவித் தாவி நடக்கும். அந்த மரபணு இல்லாவிட்டால் நடையை ஒழுங்குபடுத்தும் நரம்பு இணைப்புகள் கலைந்துபோகின்றன. ஆனால் அவற்றின் விரல்கள் சரியாகவே இருந்தன.

எஃப் சிண்ட்ரோம் குடும்பம் ஒன்றில் புதிர் இன்னும் இறுகியது. அங்கே எதுவும் தொலையவே இல்லை. சுமார் 11 லட்சம் எழுத்துள்ள ஒரு துண்டு அப்படியே தலைகீழாகத் திரும்பி, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மரபணுக்கள் எல்லாம் முழுசாக இருந்தன. எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறையாது, ஒன்றுகூடக் கூடாது. ஆனாலும் விரல்கள் ஒட்டியிருந்தன. கூடுதல் விரல் குடும்பத்தில் நிலைமை வேறு: சுமார் 9 லட்சம் எழுத்துள்ள துண்டு இரண்டு முறை இருந்தது.

ஒரே வட்டாரத்தில் ஒரு துண்டு போனால் ஒரு கை, திரும்பினால் இன்னொரு கை, இரட்டித்தால் மூன்றாவது கை. இதை மரபணுப் பட்டியலை வைத்துக்கொண்டு விளக்க முடியாது. வட்டாரத்தின் அமைப்பைப் பார்த்தாக வேண்டும்.

புடவை மடிப்பும் ஊசித் துளையும்

நம் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உட்கருவுக்குள் மடிந்து கிடக்கிறது. அதில் புரதம் செய்வதற்கான குறிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி எதற்கு என்று நீண்ட காலம் கைவிரித்தோம். அந்த மீதிக்குள்தான் சுவிட்சுகள் இருக்கின்றன. என்ஹான்சர் என்று பாடப் புத்தகம் சொல்லும்; நான் சுவிட்ச் என்றே எழுதுகிறேன். எந்த மரபணு எந்த உறுப்பில், எந்த நாளில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

சுவிட்ச் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கைகால் வளர்ச்சியில் முக்கியமான சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் சுவிட்ச் கிட்டத்தட்ட 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. அந்தச் சின்ன சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கூடுதல் விரல் முளைக்கலாம் என்று 2003-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் கீ வெஸ்ட் தீவில் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் இன்றும் திரியும் ஆறு விரல் பூனைகளுக்கும் காரணம் அதே சுவிட்சில் ஏற்பட்ட மாற்றம்தான்.

10 லட்சம் எழுத்து தள்ளி இருப்பது எப்படி வந்து தொடுகிறது? நூல் மடிகிறது. மடியும்போது தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்துவிடுகிறது.

எந்த இடம் எந்த இடத்தைத் தொடுகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை ஒரு புடவையை வைத்துச் சொல்கிறேன். பீரோவில் மடித்து வைத்த புடவையின் ஒரு ஓரத்தில் ஊசியைக் குத்தி எடுங்கள். இப்போது புடவையைப் பிரித்து ஆறு கஜத்தையும் தரையில் விரியுங்கள். முந்தானையில் ஒரு துளை, நடு உடலில் ஒரு துளை, கொசுவம் வரும் இடத்தில் ஒரு துளை. விரித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடங்கள். மடிப்பில் மட்டும் அவை ஒன்றன்மேல் ஒன்று இருந்தன.

ஆய்வகத்தில் ஊசியின் வேலையைச் செய்வது ஃபார்மால்டிஹைடு. உடற்கூறு ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்குமே, அதே பொருள். அதில் செல்களை ஊறவைத்தால் அந்த நொடியில் எது எதன் பக்கத்தில் இருந்ததோ அது அப்படியே பிணைந்துவிடும். பிறகு நொதியால் நூலை வெட்டுகிறார்கள். பிணைந்து கிடக்கும் துண்டுகளின் முனைகளை ஒட்டவைத்து எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். 2002-இல் ஜோப் டெக்கர் முதலில் இந்த வழியைக் காட்டினார். 2009-இல் முழு ஜீனோமுக்கும், அதாவது செல்லின் மொத்த டி.என்.ஏ.வுக்கும், ஒரேயடியாக இதைச் செய்யும் ஹை-சி முறை வந்தது.

அப்புறம் 2012-இல் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. நூல் கண்டபடி மடிவதில்லை. சில லட்சம் எழுத்துகள் ஒரு குழுவாகத் தங்களுக்குள் தொட்டுக்கொள்கின்றன. ஒரு எல்லைக்கு அப்பால் உள்ளவற்றோடு அவ்வளவாகத் தொடர்பு வைப்பதில்லை. எலியின் கரு ஸ்டெம் செல்களில் இப்படிச் சுமார் 2,200 பகுதிகளைப் பிங் ரென் குழு எண்ணியது. பாரிஸில் எடித் ஹேர்ட் குழு எக்ஸ் குரோமோசோமில் இதையே கண்டது. டாட் என்பது ஆய்வாளர்கள் வைத்த பெயர். நமக்கு இதைவிடப் பழகிய சொல் இருக்கிறது: பாத்தி. இரண்டு பாத்திகளுக்கு நடுவே உள்ள எல்லை, வரப்பு. ஒரு பாத்திக்குள் விட்ட தண்ணீர் அந்தப் பாத்தியில்தான் நிற்கும். ஒரு பாத்தியின் சுவிட்ச் பெரும்பாலும் அந்தப் பாத்தியின் மரபணுவைத்தான் இயக்கும்.

இந்த வரப்பை யார் கட்டுகிறார்கள்? கொஹீசின் என்ற புரதம் ஒரு வளையம். மோதிரத்துக்குள் நூலை நுழைத்து இழுத்துக்கொண்டே போனால் கண்ணி பெரிதாகிக்கொண்டே வரும் அல்லவா, அதுபோல இந்த வளையம் டி.என்.ஏ.வை இழுத்துக் கண்ணி கண்ணியாக்குகிறது. சி.டி.சி.எஃப் என்ற இன்னொரு புரதம் குறிப்பிட்ட இடங்களில் டி.என்.ஏ.மேல் உட்கார்ந்திருக்கும். வளையம் அங்கே வந்து முட்டி நிற்கும். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. கண்ணியின் இரு முனைகளிலும் உள்ள சி.டி.சி.எஃப் இடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால்தான் வளையம் சரியாக நிற்கிறது. 2014-இல் வெளிவந்த மிக நுணுக்கமான ஹை-சி வரைபடத்தில் இது பளிச்சென்று தெரிந்தது. எழுத்துகள் மாறாமல் திசை மட்டும் திரும்பினாலும் வரப்பு பழுதாகலாம் என்பதற்கு இதுவே அடிப்படை.

மூன்று பாத்திகள், மூன்று விபத்துகள்

சரி, இப்போது குரோமோசோம் 2-க்குத் திரும்பலாம்.

அங்கே மூன்று பாத்திகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு ஓரத்துப் பாத்தியில் விண்ட்6, இந்தியன் ஹெட்ஜ்ஹாக் ஆகியவை உட்படப் பல மரபணுக்கள். நடுப் பாத்தியில் எஃபா4. மறு ஓரத்துப் பாத்தியில் பாக்ஸ்3. நடுப் பாத்திக்குள், கைகால் மொட்டில் (கருவில் கைகாலாக வளரப் போகும் புடைப்பில்) வேலை செய்யும் பலமான சுவிட்சுகள் கூட்டமாக இருக்கின்றன. கரு வளரும்போது விரல்கள் உருவாகப் போகும் நுனிப் பகுதியில் அவை எஃபா4-ஐ இயக்குகின்றன. வரப்பு இருக்கும்வரை அண்டை மரபணுக்களுக்கு இந்தச் சுவிட்சுகள் இருப்பதே தெரியாது.

குட்டை விரல் குடும்பங்களில் நடந்தது இது. எஃபா4, அதன் பாத்தியில் பெரும்பகுதி, பாக்ஸ்3 பக்கத்து வரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து போய்விட்டன. சுவிட்சுக் கூட்டம் மட்டும் மிஞ்சியது. அதற்கும் பாக்ஸ்3-க்கும் நடுவே இப்போது தடுப்பு எதுவும் இல்லை. அதனால் விரல் முளைக்கும் இடத்தில் வழக்கமாக இல்லாத பாக்ஸ்3 அங்கே வேலை செய்ய ஆரம்பித்தது.

பாக்ஸ்3-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பழுது வந்தால் வார்டன்பர்க் சிண்ட்ரோம் வரும்: நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை முடி, வெளிறிய கண், சிலருக்குக் காது கேளாமை. விரலோடு அதைச் சேர்த்துப் பேச யாருக்கும் தோன்றாது. ஒரு மரபணு வேலை செய்யாமல் போவது ஒரு நோய். அதே மரபணு தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வேலை செய்வது முற்றிலும் வேறு நோய்.

எஃப் சிண்ட்ரோம் குடும்பத்தில் துண்டு தலைகீழாகத் திரும்பியபோது எஃபா4-இன் சுவிட்சுகள் வரப்பைத் தாண்டி விண்ட்6 பக்கம் வந்து சேர்ந்தன. இன்னொரு எஃப் சிண்ட்ரோம் குடும்பத்தில் திரும்புதல் இல்லை, இரட்டிப்பு. ஆனால் முடிவு அதேதான், சுவிட்சுகள் விண்ட்6-க்கு அருகில்.

கூடுதல் விரல் குடும்பத்தின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரட்டித்த துண்டில் முதலில் இந்தியன் ஹெட்ஜ்ஹாக், அடுத்து வரப்பு, அடுத்து எஃபா4-இன் சுவிட்சுகள். இதை இரண்டு முறை வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஹெட்ஜ்ஹாக், வரப்பு, சுவிட்ச், ஹெட்ஜ்ஹாக், வரப்பு, சுவிட்ச். முதல் சுவிட்சுக்கும் இரண்டாவது ஹெட்ஜ்ஹாக்குக்கும் நடுவே வரப்பு இல்லை! வரப்பு தொலையவில்லை, சொல்லப்போனால் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. இருந்தும் தவறான இருவர் ஒரே பாத்தியில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தியன் ஹெட்ஜ்ஹாக்குக்கு விரலோடு பழைய உறவு உண்டு. மனிதர்களிடம் மெண்டலின் விதிப்படி ஒரு பண்பு தலைமுறை தலைமுறையாக இறங்குவதை முதன்முதலில் காட்டியவர் ஹார்வர்டில் படித்த வில்லியம் ஃபாரபீ. 1903-இல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தின் குட்டை விரல்களை வைத்துத்தான் அதைக் காட்டினார். ஏ1 வகை என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நிலைக்குக் காரணம் இந்தியன் ஹெட்ஜ்ஹாக்கில் வரும் எழுத்து மாற்றம் என்று 2001-இல் தெரிந்தது. அந்த மரபணுவில் எழுத்து மாறினால் விரல் குட்டை. மரபணு சரியாக இருந்து தவறான சுவிட்சிடம் மாட்டினால் விரல் கூடுதல். மனித மரபியல் விரலை எண்ணித் தொடங்கியது. நூறு ஆண்டு கழித்து அதே வட்டாரத்துக்கு, அதே விரலுக்கு வந்து நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

எலியில் வைத்த சோதனை

இதுவரை சொன்னது சந்தர்ப்ப சாட்சிதான். குடும்பங்களில் மாற்றம் இருக்கிறது, கை மாறியிருக்கிறது, பாத்தி வரைபடம் பொருந்துகிறது. ஆனால் வரப்புதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பெரிய துண்டு போகும்போது வேறு எத்தனையோ விஷயங்களும் கூடவே போயிருக்கும்.

முண்ட்லோஸ் குழு, டி.என்.ஏ.வை வேண்டிய இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில், மனிதக் குடும்பங்களில் இருந்த மாற்றங்களை எலியில் அப்படியே உருவாக்கியது. குட்டை விரல் குடும்பத்தைப்போல சுமார் 15 லட்சம் எழுத்துகளை, வரப்போடு சேர்த்து நீக்கினார்கள். கருவின் கைகால் மொட்டை எடுத்து, பாக்ஸ்3 எங்கே வேலை செய்கிறதோ அங்கே மட்டும் நிறம் ஏறும்படி சாயமிட்டுப் பார்த்தார்கள். துடுப்பு மாதிரித் தட்டையாக, இன்னும் விரல் பிரியாத ஒரு குட்டி மொட்டு அது. வழக்கமான எலியில் விரல் வரப் போகும் அந்த நுனியில் பாக்ஸ்3-இன் நிறம் கிடையாது. வரப்பு நீக்கிய எலியில் அங்கே நிறம் தெளிவாக ஏறியது. அதுவும் எஃபா4 வழக்கமாகத் தெரியும் வடிவத்தை ஒட்டி. எஃபா4-இன் சட்டையை பாக்ஸ்3 போட்டுக்கொண்டு நின்றதுபோல. அந்த எலிகள் பிறந்தபோது விரல்கள் குட்டையாக இருந்தன.

அடுத்த சோதனைதான் இந்த ஆய்வின் உயிர். இன்னொரு எலியில் நீக்கத்தைக் கொஞ்சம் சுருக்கினார்கள். எஃபா4 போனது, பாத்தியின் பெரும்பகுதி போனது, ஆனால் வரப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். விரல் முளைக்கும் இடத்தில் பாக்ஸ்3 விழிக்கவில்லை. விரல்கள் வழக்கம்போல வளர்ந்தன.

இரண்டு எலிகளிலும் எஃபா4 இல்லை. இரண்டிலும் லட்சக்கணக்கான எழுத்துகள் இல்லை. ஒன்றின் விரல் குட்டை, மற்றதன் விரல் சரி. வித்தியாசம் அந்த வரப்புத் துண்டு. சந்தேகப்பட்ட மரபணுவை விடுவிக்க இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நோயாளிகளின் தோலில் இருந்து எடுத்த செல்களிலும் அவர்கள் தொடர்புகளை அளந்தார்கள். எஃபா4 பாத்தியின் பகுதிகள் அண்டைப் பாத்தியின் மரபணுக்களோடு புதிதாகத் தொட்டுக்கொண்டிருந்தன. டபுள்ஃபுட் என்ற பழைய எலி வகை ஒன்றும் இங்கே துணைக்கு வந்தது. அதன் பாதங்களில் நிறையக் கூடுதல் விரல்கள். இந்தியன் ஹெட்ஜ்ஹாக்குக்கு அருகே சுமார் 6 லட்சம் எழுத்துகள் போயிருப்பது 2008-இலேயே தெரிந்திருந்தது. ஏன் அதனால் விரல் கூடுகிறது என்பதற்கு இப்போது பதில் கிடைத்தது: போன துண்டில் அந்தப் பக்கத்து வரப்பு இருந்தது.

அளவு பெரிதென்றால் கேடும் பெரிதா?

இதே குழு 2016-இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டது. குரோமோசோம் 17-இல் சாக்ஸ்9 என்ற மரபணு. அதைச் சுற்றி வேறு புரத மரபணுவே இல்லாத பெரிய பாலைநிலம்; அண்டைப் பாத்தியில் கே.சி.என்.ஜே2. இந்த வட்டாரத்தில் இரட்டிப்புகள் பல குடும்பங்களில் இருந்தன, விளைவுகள் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இரட்டிப்பு சாக்ஸ்9 பாத்திக்குள்ளேயே முடிந்தால், எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ள குழந்தை ஆணாக வளரலாம். அதைவிடப் பெரிய இரட்டிப்பு, வரப்பைத் தாண்டி அண்டைப் பாத்திக்குள் கொஞ்சம் நுழைந்தால் ஒன்றும் ஆவதில்லை, ஆள் நலமாக இருக்கிறார். இன்னும் பெரிதாகி கே.சி.என்.ஜே2-ஐயும் உள்ளே இழுத்துக்கொண்டால் குக்ஸ் சிண்ட்ரோம்: விரல் குட்டை, நகம் இல்லை.

சின்னதில் ஒரு நோய், நடுத்தரத்தில் நலம், பெரியதில் வேறொரு நோய். அளவை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தலைசுற்றும். பாத்தியாகப் பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது. வரப்பையும் சேர்த்து இரட்டிக்கும்போது நடுவில் புதிதாக ஒரு பாத்தி உருவாகிறது. அந்தப் புதுப் பாத்திக்குள் மரபணு எதுவும் இல்லையென்றால் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் யாருக்கும் பாதிப்பில்லை. கே.சி.என்.ஜே2-இன் ஒரு பிரதி அதற்குள் மாட்டினால், அங்கே நிற்கும் சாக்ஸ்9-க்கான தண்ணீர் அதற்குப் பாய்கிறது.

எல்லாவற்றுக்கும் வரப்பைக் காரணம் சொல்லலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு நல்ல விளக்கம் கிடைத்ததும் அதை எல்லா இடத்திலும் ஒட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு.

முண்ட்லோஸ் குழுவே 2019-இல் சாக்ஸ்9 வட்டாரத்தில் வரப்புக்கான சி.டி.சி.எஃப் இடங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தது. இரண்டு பாத்திகளும் ஒன்றாகக் கலந்தன. ஆனால் மரபணுக்களின் வேலை பெரிதாகக் கெடவில்லை. துண்டைத் தலைகீழாகத் திருப்பி, சுவிட்சையும் வரப்பையும் சேர்த்து இடம் மாற்றியபோதுதான் தவறான மரபணு விழித்தது. வரப்பு கரைவது ஒன்று. வரப்பும் வாய்க்காலும் சேர்ந்து வேறு பக்கம் திரும்புவது வேறு.

கொஹீசினை ஒரேயடியாக அகற்றிய செல்களில் கண்ணிகள் எல்லாம் மறைந்தன. இருந்தும் பெரும்பாலான மரபணுக்கள் அதிகம் மாறவில்லை என்று 2017-இல் ஒரு ஆய்வு காட்டியது. பழ ஈக்களில் துண்டு துண்டாக வெட்டித் திருப்பிய குரோமோசோம்களிலும் பல மரபணுக்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சோனிக் ஹெட்ஜ்ஹாக் வட்டாரத்தில் செய்த சோதனை. சி.டி.சி.எஃப் இடங்களை நீக்கியதும் மரபணுவின் அளவு பாதியாகக் குறைந்தது, ஆனால் எலியின் விரல்கள் சரியாக இருந்தன. பிறகு சுவிட்சையும் கொஞ்சம் பலவீனமாக்கினார்கள். அப்போது விரல்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மடிப்பு ஒரு கூடுதல் பாதுகாப்பைத் தருகிறது. எல்லாம் நன்றாக இருக்கும்போது அது இல்லாததை உடம்பு சமாளித்துவிடும், வேறொன்றும் பழுதானால் முடியாது. ஒரே மாற்றம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராததை யோசிக்கும்போது இந்தச் சோதனை எனக்கு நினைவுக்கு வரும்.

டி.என்.ஏ.வில் வெட்டு விழாமலேயே வரப்பு போவதும் உண்டு. மூளையில் வரும் கிளையோமா கட்டிகளில் ஒரு வகையில் ஐ.டி.எச் மரபணு மாறியிருக்கும். அதனால் டி.என்.ஏ.மேல் மீத்தைல் என்ற வேதிக் குறிகள் அளவுக்கு மீறிச் சேருகின்றன. குறி ஏறிய இடத்தில் சி.டி.சி.எஃப் உட்கார முடிவதில்லை. ஒரு வரப்பு இப்படிக் கரைந்து, செல் வளர்ச்சியைத் தூண்டும் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ என்ற மரபணுவுக்கு அண்டைப் பாத்தியின் சுவிட்ச் கிடைத்துவிடுகிறது என்று பிராட்லி பெர்ன்ஸ்டைன் குழு 2016-இல் காட்டியது. எழுத்து அங்கே மாறவில்லை, திசையும் மாறவில்லை. வரப்பு கட்டும் ஆள் வேலைக்கு வராததால் வரப்பு இல்லாமல் போனது.

அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்கு

பரிசோதனைகள் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது இங்கே முக்கியம். எக்ஸோம் பரிசோதனை புரதக் குறிப்புள்ள பகுதியைத்தான் படிக்கும். மைக்ரோஅரே கூடுதலையும் குறைவையும் எண்ணும். எஃப் சிண்ட்ரோம் குடும்பத்தின் திரும்பிய துண்டு இந்த இரண்டுக்குமே தெரியாது. எழுத்தும் மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை. இரண்டு அறிக்கையும் ‘ஒன்றும் இல்லை’ என்று வரும். முழு ஜீனோமையும் படித்து, துண்டு ஒட்டியிருக்கும் விளிம்பைத் தேடினால்தான் பிடிபடும்.

பிடிபட்ட பிறகும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் துண்டுக்குள் எந்த மரபணு இருக்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. துண்டுக்குள் வரப்பு ஏதும் இருக்கிறதா, அதன் இரு பக்கமும் யார் இருக்கிறார்கள், அதில் ஒரு பக்கத்துச் சுவிட்ச் இந்த உறுப்பில் வேலை செய்கிறதா, மறுபக்கத்து மரபணு இந்த உறுப்பைக் கெடுக்கக் கூடியதா என்று பார்க்க வேண்டும். கருவின் கைகால் மொட்டை யாரிடமும் எடுத்துப் பார்க்க முடியாதுதான். ஆனால் பாத்திகளின் எல்லை பெரும்பாலான செல் வகைகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், தோல் செல் ஒன்றே நிறையச் சொல்லிவிடும்.

நம் ஊரில் குழந்தை விரல் ஒட்டிப் பிறந்தால் இன்றும் தாயைத்தான் கேட்கிறார்கள்: கிரகணத்தின்போது வெளியே போனாயா, காய் நறுக்கினாயா என்று. அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் சுமக்கும் பெண்களுக்கு ‘பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை’ என்ற வரி எந்த உதவியும் செய்யாது. அந்தக் கேள்விக்கு அது இன்னும் இடம் கொடுக்கும்.

முதல் குடும்பத்தின் அறிக்கையை இன்று எழுதினால் அது இப்படி இருக்கும். குரோமோசோம் 2-இன் ஒரு பிரதியில் நீக்கம். நீக்கத்துக்குள் எஃபா4 இருக்கிறது, ஆனால் விரலுக்குக் காரணம் அது அல்ல. எஃபா4 பாத்திக்கும் பாக்ஸ்3 பாத்திக்கும் இடையே உள்ள வரப்பு போயிருக்கிறது. கைகால் சுவிட்சுகள் மிஞ்சியிருக்கின்றன. இந்த நீக்கம் ஒவ்வொரு குழந்தைக்கும் போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பாக்ஸ்3 மரபணு முழுசாக இருக்கிறது.